முப்பதாண்டு நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் எது நிலைக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் வாழ்வார்கள், என்ன தொழில் செய்வார்கள் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அந்த ஊகத்தின்மேல் எழுப்பப்படும் நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு என்ன மதிப்பு, அத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுவது எதனால் என்பதே கேட்கப்பட்டிருப்பது.

ஊகம் பொய்க்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1965இல் பாரிஸ் வட்டாரத்துக்காக வகுக்கப்பட்ட பெருந்திட்டம், 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே 1 கோடியே 40 லட்சம் பேர் வாழ்வார்கள் என்று கணக்கிட்டது. 1999ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவர்களோ ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர்தான். முப்பது லட்சம் பேர் குறைந்துபோவது சிறிய பிழையன்று. ஆனாலும் அந்தத் திட்டத்தைத் தோல்வி என்று தள்ளிவிட முடியாது. எட்டாக எண்ணப்பட்ட புதுநகரங்கள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன. நகரத்தின் அடியில் ஊடுருவி ஒரு பக்கத்துப் புறநகரை மறுபக்கத்துப் புறநகரோடு இணைக்கும் விரைவு ரயில் தடங்களோ கட்டப்பட்டன, இன்றும் அந்த வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கை அவற்றின்மீதுதான் ஓடுகிறது. எண்ணிக்கை பிசகியது, தடம் பிசகவில்லை. மக்கள்தொகை எதிர்பார்த்த வேகத்தில் வளராதபோது கட்டுவதைத் தள்ளிப்போடலாம், குறைக்கலாம். தடத்துக்கான நிலத்தை மட்டும் விட்டுவைக்காமல் போயிருந்தால், பின்னர் எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது மிகக் கடினமாகியிருக்கும்.

ஆகவே நீண்டகாலத் திட்டத்தை எதிர்காலத்தைப் பற்றிய ஆரூடமாகப் பார்க்கத் தொடங்கினால் முதல் அடியிலேயே வழி தவறிவிடும். ஒருமுறை எடுத்தபின் திரும்பப்பெற முடியாத முடிவுகள் எவை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியவை எவை என்று பிரித்து, முதல் வகையை மட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை என்பது என் கருத்து. கட்டடம் இரண்டு தலைமுறைகளில் இடிக்கப்பட்டுப் புதிதாக எழும். அதன் முன்னால் ஓடும் தெருவின் கோடு நூற்றாண்டுகளுக்கு அசையாது. வயலாக இருந்த நிலம் சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டுப் பல நூறு உரிமையாளர்களின் கைக்குப் போய்விட்டால், பிறகு அதை ஒன்றுசேர்த்து ஒரு பூங்காவாகவோ ரயில் நிலையமாகவோ ஆக்குவது அநேகமாக நடவாத காரியம்.

1811இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்குத் தெருக்கட்டம் வரையப்பட்டபோது அந்நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஆனால் கட்டம் 155ஆம் தெரு வரை, அதாவது அன்றைக்கு வெறும் பண்ணைகளும் பாறைகளுமாகக் கிடந்த இடங்கள் வரை, இழுக்கப்பட்டது. எந்த மனையில் என்ன வரும் என்று அந்த வரைபடம் சொல்லவில்லை, அதைச் சொல்ல முயலவும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து நடுவே ஒரு பெரிய பூங்காவைச் செருகிக்கொள்ளவும் அது இடம்கொடுத்தது. இதைவிடப் பாடம் நிறைந்தது ஸ்பெயினின் பார்சிலோனா நகரம். 1859இல் பொறியாளர் இல்தெபோன்ஸ் செர்தா வகுத்த விரிவாக்கத் திட்டத்தில் இரண்டு அம்சங்கள் இருந்தன: 20 மீட்டர் அகலத் தெருக்களால் சூழப்பட்ட, மூலைகள் சீவப்பட்ட சதுரத் தொகுதிகள் ஒன்று, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் கட்டடம் எழாமல் விடப்பட வேண்டிய தோட்டவெளி மற்றொன்று. தெருக்கள் அப்படியே நின்றன. தோட்டங்கள் பெரும்பாலும் கட்டடங்களாலும் பட்டறைகளாலும் நிரம்பிப்போயின.

ஒரே மனிதர், ஒரே திட்டம், ஒரே நகரம். ஒன்று நிலைத்து மற்றொன்று கரைந்தது ஏன்? தெரு பொதுச் சொத்தாக மாறிவிட்டது. தோட்டம் தனியார் நிலத்தின்மேல் விதிக்கப்பட்ட ஒரு கட்டுப்பாடாக மட்டுமே இருந்தது. கட்டுப்பாட்டைத் தளர்த்த ஒரு திருத்தம் போதும், அந்தத் திருத்தத்தைக் கேட்டு வருவோர் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள், அவர்களை மறுப்பதால் அதிகாரத்தில் இருப்போருக்கு உடனடி நன்மை எதுவும் கிடையாது. நில உரிமையாகவோ, புதைக்கப்பட்ட குழாயாகவோ, பதிக்கப்பட்ட தண்டவாளமாகவோ மாறியவையே திட்டத்தில் நிலைக்கின்றன. வரைபடத்தில் வண்ணமாக மட்டும் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கின்றன. திட்டங்கள் ஏட்டோடு நின்றுவிடுவது எதனால் என்ற கேள்விக்கு என் பதிலின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

மஞ்சள் குடியிருப்பு, நீலம் தொழில், பச்சை வேளாண்மை என்று மண்டலங்களாக வண்ணம் தீட்டுவது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தோல் பதனிடும் ஆலையைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரவிடாமல் தடுக்க மண்டல விதி வேண்டும். ஒரு தெருவின் குழாய்களும் சாக்கடையும் எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குள் கட்டடப் பரப்பை நிறுத்தவும் அது உதவும். ஆனால் ஒரு வட்டாரம் எந்தத் திசையில் வளரும் என்பதை வண்ணம் தீர்மானிப்பதில்லை. போக்குவரத்தும் தண்ணீருமே தீர்மானிக்கின்றன. சந்தையிலிருந்து உள்ள தொலைவுக்கேற்ப நிலத்தின் பயன்பாடு வளையம் வளையமாக மாறும் என்று 1826இலேயே ஜெர்மானியப் பொருளியலாளர் ஃபான் தூனன் விளக்கினார். தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காமல் பயண நேரத்தில் அளந்தால், புதிய நெடுஞ்சாலை ஒன்று திறக்கப்படும் அன்றே அந்த வளையங்கள் அனைத்தும் நெளிந்து இடம் மாறுகின்றன. நகர நெரிசலைத் தவிர்ப்பதற்காகப் போடப்பட்ட புறவழிச்சாலையின் இருமருங்கிலும் கடைகளும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் வரிசைகட்டி, சில ஆண்டுகளில் அந்தச் சாலையே நெரிசலுக்குள் சிக்கிக்கொள்வது இதனால்தான். சாலையை அமைக்கும் துறையினர் அதைப் போக்குவரத்துப் பணி என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அந்த வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை வரைந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தாம். சாலைக்கு நுழைவுக் கட்டுப்பாடு இல்லையென்றால், அதாவது எந்த இடத்தில் பக்கத்து நிலத்திலிருந்து வண்டி ஏறலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படவில்லையென்றால், பக்கத்தில் தீட்டிய பச்சை வண்ணத்தால் ஒரு பயனும் விளையாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டு தொடங்கிய திட்டம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுடையது. 1947இல் வெளியிடப்பட்ட அந்த 'விரல் திட்டம்', அடர்ந்த நகரத்தை உள்ளங்கையாகவும், அங்கிருந்து வெளியே செல்லும் புறநகர் ரயில் தடங்களை ஐந்து விரல்களாகவும் கண்டது. வளர்ச்சி விரல்களின் நீளத்தில் நடக்கட்டும், விரல்களுக்கு இடையே உள்ள பசுமை ஆப்புகள் வெறுமையாக இருக்கட்டும் என்பதே அதன் சாரம். தொடக்கத்தில் அதற்குச் சட்ட வலு ஏதும் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் ஒரு குழந்தைகூடத் தன் கையை விரித்துக் காட்டி விளக்கிவிடக்கூடிய வடிவமாக அது இருந்ததாலும், ரயில் முதலீடும் அதே கோடுகளில் போனதாலும், பின்னர் வந்த சட்டங்கள் அதற்கு வலுச்சேர்த்ததாலும் திட்டம் உயிரோடு இருந்தது. 2007இல் அது தேசிய அளவிலான கட்டளையாகவே ஆக்கப்பட்டது. பெரிய அலுவலகக் கட்டடங்கள் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது. நெடுஞ்சாலைச் சந்திப்புகள் வேலைவாய்ப்பை இழுத்துக்கொள்ளும் காலத்தில், அந்த இழுப்புக்கு எதிராக ஒரு திட்டம் வைக்கக்கூடிய மிகக் கூர்மையான விதி அது என்று சொல்வேன்.

பசுமை வளையத்தின் கதை இன்னும் சிக்கலானது. லண்டனைச் சுற்றித் திறந்தவெளியைக் காக்க 1938இல் ஒரு சட்டம் வந்தது, 1944இல் நகரத் திட்ட வல்லுநர் பாட்ரிக் ஆபர்குரோம்பியின் பெருலண்டன் திட்டம் அந்த வளையத்தைத் தெளிவாக வரைந்தது, 1955இல் நாடு முழுவதும் நகரங்கள் அதைப் பின்பற்றலாம் என்று அரசு சுற்றறிக்கை விட்டது. இவற்றுக்கு நடுவே நடந்ததுதான் முக்கியம்: 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை மேம்படுத்தும் உரிமையையே, அதாவது அதில் கட்டடம் எழுப்பும் உரிமையையே, அரசுடைமையாக்கி, இழப்பீட்டுக்கென 30 கோடி பவுண்டு நிதியையும் அறிவித்தது. அதன்பின் வளையத்துக்குள் நிலம் வைத்திருந்தவருக்கு, கட்ட அனுமதி மறுக்கப்பட்டால் நட்டஈடு கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. டோக்கியோவும் 1958இல் லண்டனைப் பார்த்து ஒரு பசுமை வளையத்தைத் தன் தலைநகர வட்டாரத் திட்டத்தில் வரைந்துகொண்டது. உரிமையை வாங்கவும் இல்லை, நட்டஈடு தரவும் இல்லை. நில உரிமையாளர்களும் வளையத்துக்குள் அகப்பட்ட உள்ளாட்சிகளும் எதிர்த்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1965இல், அந்த வளையம் கைவிடப்பட்டது.

அதற்காக லண்டன் வளையத்தை முழு வெற்றி என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. வளையத்தைத் தாண்டிக் குதித்து அப்பால் உள்ள ஊர்களில் வளர்ச்சி போய்ச் சேர்ந்தது, அங்கிருந்து வேலைக்கு வருவோர் தினமும் அந்தப் பசுமையைக் குறுக்கே கடந்து பயணம் செய்கிறார்கள், வளையம் சூழ்ந்த நகரத்தில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. நிலத்தை அடைக்கும் கோடு ஒன்றை வரைபவர், அடைபட்ட பகுதிக்குள் போதிய வீடுகளுக்கு இடம் இருக்கிறதா என்று கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். அந்தக் கணக்கு இல்லாத வளையம், ஏற்கெனவே வீடு வைத்திருப்போருக்கு வீடில்லாத இளையோர் கட்டும் கப்பமாக முடிகிறது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இந்தக் கடமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 1973இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு நகரமும் ஒரு வளர்ச்சி எல்லையை வகுக்க வேண்டும்; போர்ட்லண்ட் பெருநகரத்தின் எல்லை 1979இல் வரையப்பட்டது. எல்லைக்குள் அடுத்த 20 ஆண்டுகளுக்கான குடியிருப்புத் தேவைக்கு நிலம் இருந்தாக வேண்டும். இப்போது ஆறாண்டுக்கு ஒருமுறை அது சரிபார்க்கப்பட்டு, போதாதென்றால் எல்லை நகர்த்தப்படும். இந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை வெளிப்பட்டது. எல்லைக்கு வெளியே நிலம் வைத்திருப்பவர், அடுத்த முறை கோடு தம்மைத் தாண்டிப் போகும் என்ற நம்பிக்கையில் பயிர்த்தொழிலில் முதலீடு செய்வதை நிறுத்திவிடுவார். 2007ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், 50 ஆண்டுகள் வரை எந்தப் பகுதி நகரமாகலாம், எந்தப் பகுதி எக்காரணம் கொண்டும் ஆகாது என்று இருவகை இருப்பு நிலங்களைக் குறித்துவைக்க வழிசெய்தது. உழவருக்கு வேண்டியிருப்பது பாதுகாப்பு என்ற அடைமொழி அன்று, ஐயமற்ற ஒரு கால அளவு.

போர்ட்லண்டைப் பற்றிப் பேசும்போது ஆற்றின் மறுகரையை மறக்கக்கூடாது. கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே வாஷிங்டன் மாநிலம்; அங்கே இதையொத்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் 1990இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரே வேலைச் சந்தையின் பாதி ஒரு விதிக்கும் மறுபாதி வேறொரு விதிக்கும் உட்பட்டிருந்தது. வட்டாரத் திட்டமிடலின் தீராத தலைவலி இதுதான்: ஆட்சி எல்லை ஒன்றாக இருக்கும், மக்கள் வேலைக்குப் போய்வரும் எல்லை வேறொன்றாக இருக்கும், மழைநீர் வடியும் எல்லை இவ்விரண்டோடும் பொருந்தாமல் இன்னொரு பக்கம் கிடக்கும். நகரத்தைத் தனியே பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள நிலப்பரப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் நகரத் திட்டச் சிந்தனையாளர் பாட்ரிக் கெடஸ் 1915இலேயே எழுதினார். படிப்பது எளிது, நடத்துவதற்கு ஓர் அமைப்பு வேண்டும். தனித்தனி உள்ளாட்சிகள் தத்தம் வரி வருவாய்க்காகத் தொழிற்சாலையையும் வணிக வளாகத்தையும் போட்டிபோட்டு அழைத்து, வீடுகளையும் குப்பைக் கிடங்கையும் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடும் நிலையில், அறிவுரை வழங்கும் அதிகாரம் மட்டுமே உள்ள வட்டாரக் குழுவால் எதுவும் ஆகாது. போர்ட்லண்டில் வட்டார மன்றத்தை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட வட்டார அரசு வேறெங்கும் இல்லை என்பதே இந்த ஏற்பாடு எவ்வளவு அரிது என்பதைக் காட்டுகிறது.

நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் திட்டத்தின் எந்தக் கோடு மீறப்பட்டாலும் மனிதர்களோடு சமரசம் பேசிக்கொள்ளலாம், வெள்ளச் சமவெளியின் கோட்டை மீறினால் அதற்கு இடமில்லை. நெதர்லாந்து பல நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே ஆறுகளைக் கட்டுப்படுத்திவந்தது. 1993இலும் 1995இலும் ஆறுகள் பெருக்கெடுத்து, இரண்டாவது முறை ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்ற நேர்ந்தபின், கரையை இன்னும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றுக்கே இடம்கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகள் பின்னுக்கு நகர்த்தப்பட்டன, பக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டன, சில குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. முதலிலேயே விட்டுவைத்திருந்தால் செலவில்லாமல் கிடைத்திருக்கும் நிலத்தைப் பெரும் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்ற கதை அது. வளரும் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த மழை, கூரையும் தார்ச்சாலையும் பெருகியபின் அப்படியே ஓடைக்குள் பாய்கிறது. ஆகவே மேட்டில் அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவின் வெள்ளம் பள்ளத்தில் உள்ள பழைய ஊரின் வாசலில் வந்து நிற்கும். மேட்டு ஊரின் உள்ளாட்சிக்கு அதில் இழப்பு இல்லை என்பதால், இந்தக் கணக்கை வட்டார அளவில் தவிர வேறெங்கும் போட இயலாது. ஓடைகளும் அவற்றின் இருபுறக் கரைகளும் வரைபடத்தின் நீலக்கோடுகளாக நின்றுவிடாமல் பொது நிலமாகவோ, கட்டுவதில்லை என்று உரிமைப் பத்திரத்திலேயே பதியப்பட்ட நிலமாகவோ மாற வேண்டும்.

இனிப் பணம். ஒரு சாலை அல்லது ரயில் நிலையம் வரும் என்ற செய்தியே பக்கத்து நிலத்தின் விலையைப் பன்மடங்கு உயர்த்துகிறது. அந்த உயர்வு பொதுப் பணத்தால் உண்டானது. போய்ச் சேருவதோ முன்கூட்டியே செய்தி அறிந்து நிலம் வாங்கியவரிடம். இதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும் வழி இல்லாத திட்டம் தன் செலவைத் தானே சந்திக்க இயலாமல் நிற்கும். பேராசையும் இங்கே பலிக்காது. பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் விலை உயர்வில் நூற்றுக்கு நூறையும் வரியாகக் கேட்டது. விற்பதால் எதுவும் மிஞ்சாது என்றான நிலையில் உரிமையாளர்கள் நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். 1950களின் முற்பகுதியிலேயே அந்த வரி நீக்கப்பட்டது.

ஜப்பான் கையாண்ட நிலத் தொகுப்பு முறை இதைவிட நிதானமானது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை மீண்டும் கட்டியெழுப்பப் பெருமளவில் பயன்பட்ட அம்முறைக்கு 1954இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு பகுதியின் உரிமையாளர்கள் அனைவரும் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள், தெருவும் பூங்காவும் வடிகாலும் புதிதாக வரையப்படுகின்றன, பின்னர் ஒவ்வொருவருக்கும் சற்றுச் சிறியதாக, ஆனால் ஒழுங்கான வடிவத்தில், தெருமுகப்போடு ஒரு மனை திரும்பக் கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, நூறு பங்கு கொடுத்தவர் எழுபது பங்கு பெறலாம். குறைந்த முப்பதில் ஒரு பகுதி பொது இடமாகிறது, எஞ்சியது விற்கப்பட்டுப் பணிகளுக்கான செலவை ஈடுசெய்கிறது. ஜப்பானிய நகர்ப்புற நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு இப்படி உருவானதே. நில ஆவணங்கள் தெளிவாக இல்லாத இடத்தில் இம்முறை ஆண்டுக்கணக்கில் வழக்காகி இழுக்கும். குத்தகைக்கு உழுபவருக்கும் கூலிக்கு வேலை செய்பவருக்கும் இந்தப் பங்கீட்டில் இயல்பாக இடமில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அவர்களுக்கான ஏற்பாட்டைத் தனியே எழுதாத நிலத் தொகுப்பை நான் ஆதரிக்க மாட்டேன். ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களைச் சுற்றி மேம்பாட்டு உரிமையைப் பெற்று அந்த வருவாயில் தடங்களை அமைத்தது. அங்கே அநேகமாக எல்லா நிலமும் அரசுக் குத்தகை என்பதால் அதை அப்படியே வேறிடத்தில் நட முடியாது.

நடைமுறையில் இன்னொரு சிக்கல், திட்டம் தயாராவதற்குள் வளர்ச்சி முந்திக்கொள்வது. ஆய்வு, வரைவு, கருத்துக்கேட்பு, ஒப்புதல் என்று ஆண்டுகள் ஓடுகின்றன, அதற்குள் மனைப்பிரிவுகள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. வேகமாகப் பெருகும் நகரங்களுக்கு நகர விரிவாக்க ஆய்வாளர் ஷ்லோமோ ஏஞ்சல் பரிந்துரைக்கும் வழி எனக்கு ஏற்புடையது: தடித்த அறிக்கையை எழுதிக்கொண்டிராமல், விரிவாக்கம் நிகழவிருக்கும் பகுதியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 25 முதல் 30 மீட்டர் அகலத்தில் முதன்மைச் சாலைகளுக்கான நிலக்கோடுகளை இப்போதே கையகப்படுத்திவிடுவது. சாலையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பேருந்தும் தண்ணீர்க் குழாயும் பெருஞ்சாக்கடையும் அந்தக் கோடுகளில் ஓட முடியும், நடுவில் உள்ள கட்டங்கள் எப்படி நிரம்பினாலும் பெரிய கேடு வராது. அதோடு, ஓடைகளையும் பெரிய பூங்காக்களுக்கான நிலத்தையும் சேர்த்துக் காத்துவிட்டால் திட்டத்தின் சாரம் காப்பாற்றப்பட்டுவிடும்.

ஊகம் பொய்ப்பதைச் சமாளிக்க எளிய முறை ஒன்று உண்டு. இன்ன ஆண்டில் இரண்டாம் நீர்த்தேக்கம் என்று எழுதுவதற்குப் பதிலாக, நீர்த் தேவை இன்ன அளவை எட்டும்போது என்று எழுத வேண்டும். மக்கள்தொகை மெதுவாக வளர்ந்தால் பணி தானே தள்ளிப்போகும், வேகமாக வளர்ந்தால் முன்னே வரும். அப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தக்கூடியவையும், சட்டமன்றத்தின் ஒப்புதல் இன்றித் தொடக்கூடாதவையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே எடையோடு போடுவதால்தான், சின்னத் திருத்தம் கேட்டு நுழைகிறவர் பெரிய கோட்டையும் நகர்த்திவிட்டுப் போகிறார்.

ஒரு குறிப்பிட்ட திட்டம் நடக்குமா என்று சோதிக்க விரும்புவோர், அதன் வண்ண வரைபடத்தை மட்டும் பார்க்காமல் குடிநீர், சாலை, மின்சாரம், ரயில் துறைகளின் அடுத்த ஐந்தாண்டு மூலதனச் செலவுப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள பணிகளை அதே வரைபடத்தின்மேல் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்க்கலாம். திட்டம் தெற்கே புதுநகரம் என்று சொல்லி, பெருஞ்சாக்கடையும் துணை மின்நிலையமும் ஆறுவழிச் சாலையும் வடக்கே போகுமானால், அந்த வட்டாரம் வடக்கேதான் வளரும்.